கழுத்து நீண்ட காளான்கள்

என் மூளை கழன்றுகொண்டு வருகிறது என்று என் மகள் கெரி முடிவு கட்டிய குளிர்காலத்தில்தான் எனக்கும் காளானுக்கும் பழக்கம் ஏற்பட்டது. அவள்தான் என்னைக் கேட்காமல் எங்கள் பேட்டை மன்றத்தில் காளான் வகுப்புக்குப் பெயர் கொடுத்தாள். கைக்கு வேலை இருந்தால் மூளைக்கு நல்லதாம். வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள் நான். பின் வரிசையில் சிகரெட் பற்றவைக்கிற பயல்களைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அணைக்க வைத்திருக்கிறேன். என்னைப் போய் ஒரு பை வைக்கோலுக்குத் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறாளே என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இன்றைக்கு அவளுக்குக் கோயில் கட்டச் சொன்னாலும் கட்டுவேன்.

அவள் அப்படி முடிவு கட்டியதிலும் தப்பில்லை. குளிர் தொடங்கியதிலிருந்தே நான் நானாக இல்லை. பாலை அலமாரியிலும் டீத்தூளை ஃபிரிட்ஜிலும் வைத்தேன். ரொட்டிக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் எங்கள் ஊரான பல்லரட்டில் ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில், பஸ்ஸில் நான் கண்ணை மூடிக்கொண்டே திரும்பிய திருப்பத்தில், இடமா வலமா என்று விளங்காமல் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். வீட்டுக்கு வந்து அழுதேன். எந்நேரமும் தலைவலி வேறு.

எங்கள் டாக்டர் மூன்று வார்த்தைகள் சொன்னார். கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். வார்த்தைகளை விடுங்கள், அவர் வார்த்தைகள் சொன்னதே எனக்கு நினைவில்லை. ஞாபகமறதிக்கென்று இருக்கும் பெரிய டாக்டரிடம் நாள் வாங்கிக் கொடுத்தார். அங்கேயும் இதே கதி என்றால் வீட்டை விற்றுவிட்டு, மெல்போர்னில் கெரியின் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் முதியோர் இல்லத்தில் என்னைச் சேர்ப்பதென்று பேசி முடித்தாயிற்று. கெரி என் கார்ச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையே நமக்குச் சொந்தமில்லை என்று ஆனபிறகு அதை எந்தப் பக்கம் ஆட்டினால் என்ன?

ஆனால் பயந்துபோயிருந்தேன். சாவுக்கு நான் பயந்ததில்லை. ஒருநாள் காலையில் எழுந்து கெரியின் முகத்தைப் பார்த்து, இது யார் என்று கேட்டுவிடுவேனோ என்றுதான் பயம்.

கார் இல்லாததால் வகுப்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பு பக்கத்து வீட்டு டெஸ்ஸின் தலையில் விழுந்தது. டெஸ் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரேலீன் என்ற என் பெயரை ரே என்று சுருக்கித்தான் கூப்பிடுவான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. ரஸ்டி என்று ஒரு கிழட்டு நாய் உண்டு. அது உள்ளே வரவும் வெளியே போகவும் வசதியாகப் பின்கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து ராப்பகலாகத் திறந்தே வைத்திருப்பான். ஜன்னல் ஒன்றும் சரியாக மூடாது. வீட்டுக்குள்ளேயே கம்பளிக் குல்லாயும் கோட்டுமாகத் திரிவான். அவன் வீட்டில் டீ குடிப்பதும் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் நின்று குடிப்பதும் ஒன்று.

என் வீட்டுக் கதையே வேறு. இந்த ஊர்ப் பலகை வீடுகளில் குளிர்காற்று எந்த இடுக்கில் நுழையும் என்று எனக்கு அத்துப்படி. கதவுப் பாம்பு தைப்பதில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. நீளத் துணிக்குழாயில் மணலை அடைத்து, கண்ணுக்குப் பட்டன் வைத்துத் தைத்து, கதவின் அடியில் கிடத்திவிட்டால் அந்தப் பக்கம் காற்று எட்டிப் பார்க்காது. மாதாகோயில் சந்தையில் என் பாம்புகள்தான் முதலில் விற்றுத் தீரும். அந்த வருஷம் பாம்போடு நிற்காமல், சுவரின் மேல்பக்கம் இருந்த காற்றுத்துளைகளையும் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே டேப் ஒட்டி அடைத்துவிட்டேன். கூடத்தில் பழைய காஸ் ஹீட்டர் விடாமல் எரியும். டெஸ் மாலையில் டிவியில் ஃபுட்டி பந்தாட்டம் பார்க்க என் வீட்டுக்குத்தான் வருவான். வெளியிலிருந்து ஒரு சொட்டுக் குளிர்கூட நுழையவிடாமல் கட்டிக் காத்ததில் எனக்கு அவ்வளவு பெருமை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவள் கதை என் கதை. அது அப்போது தெரியவில்லை.

வகுப்பு நடத்திய பிப்பா எல்லாருக்கும் ஆளுக்கொரு பை கொடுத்தாள். புதிதாக வளர்ப்பவர்களுக்கென்றே தயார் செய்தது. உள்ளே வைக்கோல், அதில் ஏற்கெனவே வெள்ளை வெளேரென்று பூசணம் படர்ந்திருக்கும். பையில் ஒரு கீறல் போட வேண்டும். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். கீறல் வழியாகச் சிப்பிக்காளான் கொத்தாகக் கிளம்பும். குழந்தைகூடச் செய்யலாம் என்றாள். குழந்தை செய்யும், சரி, நான் செய்வேனா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். நானும் டெஸ்ஸும் ஒரே தட்டிலிருந்து பக்கத்துப் பக்கத்துப் பையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் போனில் ஒரு குழு வைத்திருந்தோம். அவரவர் காளான் படத்தை அதில் போடுவார்கள். டெஸ்ஸின் காளான் ஒரு வாரத்திலேயே சாம்பல் நிறத்தில், அப்பளம் போல அகலமாக விரிந்து நின்றது. அவன் நாளுக்கு ஒரு படம் போட்டான். புதுப் பேரன் பிறந்தவன்கூட அப்படிப் போடமாட்டான். என் பையிலும் கிளம்பத்தான் செய்தது. ஆனால் பட்டாணி அளவு தலை, பென்சில் நீளத்துக்குக் காம்பு, எல்லாம் கழுத்தை நீட்டி எதையோ தேடுகிற மாதிரி. நான் படம் போட்டதும் குழுவில் ஒருத்தி, காளானா வளர்க்கிறாய், ஒட்டகச்சிவிங்கியா என்று கேட்டாள். எல்லாரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது.

அன்றைக்கு டெஸ் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"நல்ல பையா பாத்து நீ எடுத்துக்கிட்டே. நோஞ்சானை என் தலையில கட்டிட்டே."

"நீதான் முதல்ல எடுத்தே, ரே. நீ விட்டதைத்தான் நான் எடுத்தேன்."

"எனக்கு அப்படி ஞாபகமில்ல."

"உனக்கு எதுதான் ஞாபகமிருக்கு?"

சொன்னவுடனே அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். சட்டென்று திருப்பிக் கொடுக்க என் வாயில் எப்போதும் ஏதாவது இருக்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. டெஸ் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினான். பிறகு, பையை மாற்றிக்கொள்ளலாம், நீ என்னுடையதை எடுத்துக்கொள், நான் அந்த நோஞ்சானைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். ஒருமுறை பறித்த பிறகு பையை நனைத்து வைத்தால் அதே பை இன்னொரு முறை முளைவிடும். அந்த இரண்டாம் ஈட்டுக்குப் பையை மாற்றிக்கொண்டோம். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் கேட்ட மன்னிப்பு அது. அந்த மன்னிப்புதான் என்னைக் காப்பாற்றியது.

இரண்டாம் ஈட்டில் என்ன ஆயிற்று என்றால், என் நோஞ்சான் பை அவனுடைய குளிர் அடுப்படியில் அமர்க்களமாக விரிந்தது. அவனுடைய ராஜபோகப் பை என் கூடத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நான் தொட்டது எதுவும் துலங்காது என்று அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

"தண்ணி தெளிக்க மறந்திருப்பேன், டெஸ். வேற என்ன. மறந்ததுகூட எனக்குத் தெரியல."

"நீ மறக்கல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான்தான் தெளிச்சேன். காலைல உன்னை எட்டிப் பாக்க வரும்போது ஒரு தரம், சாயங்காலம் ஃபுட்டிக்கு வரும்போது ஒரு தரம். நீ பாக்காதப்போ. இந்தத் தடவையாவது உனக்கு நல்லா வரட்டும்னு."

எழுபது வயதுக் கிழவன், எனக்குத் தெரியாமல் என் காளானுக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறான். திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் டீ போட எழுந்தேன். டெஸ் அதற்குள் பிப்பாவைப் போனில் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தான். நடந்ததைச் சொன்னான்.

பிப்பா சிரித்தாள். பையில் கோளாறு ஒன்றும் இல்லை, காற்றுத்தான் இல்லை என்றாள். காளானும் நம்மைப்போல மூச்சு விடுகிற ஜாதி. விட்ட கெட்ட காற்று அதைச் சுற்றியே தேங்கி நின்றால் தலை விரியாது, நல்ல காற்றைத் தேடிக் கழுத்துத்தான் நீளும். அறையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தாள். சர்வசாதாரணமாகத்தான் சொன்னாள்.

டெஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். கதவடியில் பட்டன் கண்ணோடு கிடந்த பாம்பைப் பார்த்தான். ஜன்னல் விளிம்பில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தான். மேலே செய்தித்தாள் திணித்த துளைகளைப் பார்த்தான். கடைசியில் ஹீட்டரைப் பார்த்தான். அதன் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தது. மஞ்சள்தான் பார்க்க வெதுவெதுப்பாக இருக்கிறது என்று அவனிடமே நான் ஒருநாள் சொல்லியிருக்கிறேன்.

"ரே, இந்த ரூம்ல காளானுக்கே மூச்சு முட்டுது. நீ ராத்திரி பகலா இதுக்குள்ளதான உக்காந்திருக்கே?"

நான் கெட்டிலை மேசையில் வைத்தேன்.

"உன் வீட்டுக்கு வந்தாலே எனக்குத் தலைவலி வரும். உன் வாய்தான் காரணம்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்" என்றான். சிரிக்கவில்லை. "மன்றத்துல இருக்கறப்ப நீ நல்லாத்தான் பேசறே. என்னைக் கிழிகிழின்னு கிழிக்கறே. இங்க வந்து ஒரு மணி நேரம் உக்காந்தா உனக்கு என் பேரே தடுமாறுது."

எழுந்துபோய் ஹீட்டரை அணைத்தான். டேப்பைப் பிய்த்து ஜன்னல்களைத் திறந்தான். நான் பார்த்துப் பார்த்துத் தைத்த பாம்பைக் காலால் எற்றித் தள்ளிவிட்டுக் கதவை மலரத் திறந்தான். சூடெல்லாம் போகிறதே, பாவி, என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு போர்வையை என்மேல் சுற்றி, அவன் வீட்டு அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தான். ரஸ்டி வந்து என் காலில் படுத்தது. பின்கதவு வழியாகக் காற்று சவுக்கால் அடிப்பது போல அடித்தது. அந்தக் காற்றைத் திட்டித் தீர்த்தேன். இப்போது நினைத்தால் அதை விழுந்து கும்பிடலாம் போலிருக்கிறது.

டெஸ் போன் பண்ணிக் கூப்பிட்ட காஸ் வேலைக்காரர் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டார். ஹீட்டரைச் சும்மா கொஞ்ச நேரம் எரியவிட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி, கையில் ஒரு அளவுக் கருவியோடு உள்ளே போனார். போன வேகத்தைவிட வேகமாக வெளியே வந்தார். கருவி கூவிக்கொண்டே இருந்தது. கூரைமேல் ஏறி, புகைக்குழாயிலிருந்து மைனாக் கூடு ஒன்றை முழுசாக இழுத்துப் போட்டார். வெளியே போகவேண்டிய நச்சுக் காற்று குழாய் அடைத்ததால் கூடத்துக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. அது தப்பிப்போக மிச்சமிருந்த துளைகளை நான் செய்தித்தாளால் அடைத்திருக்கிறேன். மைனா பாதி, நான் பாதி. கார்பன் மோனாக்சைடு என்ற அந்தக் காற்றுக்கு நிறமில்லை, வாசமில்லை. மூளையைத்தான் முதலில் தின்னும் என்றார். ஹீட்டரில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு, என்னைப் பார்த்து, கடுங்குளிர் நாள் ஒன்றில் நீங்கள் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தால், என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது இதுதான்.

டெஸ் என்னை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ரத்தத்தில் அந்த நஞ்சு இருந்தது. மூக்கில் முகமூடி மாட்டி ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். தலைவலியும் மறதியும் இதனாலேயே வரலாம், ஞாபகம் எவ்வளவு திரும்பும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டர். திரும்பும் என்று உறுதியாக அவர் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

கெரி மெல்போர்னிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தாள். வந்ததும் துளைகளை அடைத்ததற்காக என்னை ஒரு பிடி பிடிப்பாள் என்று தயாராக இருந்தேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அடுத்த வாரம் லீவுக்கு நாங்க வர்றதா இருந்தது. கொஞ்சம் கொஞ்சமா சாமான் கட்ட ஆரம்பிக்கலாம்னு."

"தெரியும். அது ஞாபகமிருக்கு."

"பிள்ளைங்களும்தான். அந்த ஹீட்டருக்கு முன்னாடிதான் மெத்தை போட்டுப் படுக்கணும்னு ரெண்டும் அடம் பிடிச்சுது. வீட்லயே சூடான இடம்னு நீதான சொல்வே."

அவளுக்கு ஆஸ்கர், மில்லி என்று இரட்டைப் பிள்ளைகள். ஆறு வயசு. முகமூடிக்குள் என் மூச்சு இரைவது எனக்கே கேட்டது. என் உயிர் தப்பியது அதுவரை எனக்கு ஒரு செய்தியாகத்தான் இருந்தது. அப்போதுதான் அது எனக்குள் இறங்கியது. கடவுளே என்றேன். கடவுளோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகியிருந்தது.

கெரியின் வீட்டிலேயே சில வாரங்கள் இருந்தேன். முதலில் தலைவலி போயிற்று. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒருநாள் காலையில் படுக்கையில் கிடந்தபடியே என் பழைய பஸ் வழித்தடத்தை முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரைக்கும், எந்த வீட்டுப் பிள்ளை எங்கே ஏறும் என்பது வரைக்கும், மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு திருப்பமும் தப்பவில்லை. கெரியை எழுப்பிச் சொன்னேன். தூக்கக் கலக்கத்தில் சரிம்மா என்று திரும்பிப் படுத்தவள், பிறகு சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

வீட்டில் புது மின்சார ஹீட்டர் வைத்து, துளைகளெல்லாம் திறந்து, நச்சுக் காற்று வந்தால் கத்தும் கருவி ஒன்றைச் சுவரில் மாட்டிய பிறகுதான் என்னைப் பல்லரட்டுக்கு விட்டாள். போன அன்றே டெஸ்ஸைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவனிடம் வளர்ந்திருந்த மூன்றாம் ஈட்டுக் காளானை அவனே பறித்துக்கொண்டு வந்தான். வெண்ணெயில் வதக்கி, மிளகு தாராளமாகப் போட்டு, சுட்ட ரொட்டிமேல் வைத்துக் கொடுத்தேன். எனக்கு நன்றி சொல்லி வராது. ஆனால் அன்றைக்குச் சொல்லாமல் விட்டால் என்றைக்கும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"டெஸ், நீ இல்லேன்னா இன்னைக்கு நான் இல்ல. என் பேரப்பிள்ளைங்களும் இல்ல. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் மென்றான். கண் கலங்கியிருந்தது.

"உப்பு கம்மி" என்றான்.

பெரிய டாக்டரிடம் வாங்கிய நாள் அப்படியேதான் இருந்தது. போக வேண்டாம் என்று நான் சொன்னேன். போய்த் தெரிந்துகொண்டு விடுவோம் என்று கெரி சொன்னாள். உள்ளூர இருவருக்குமே பயம்தான். ஒருவேளை எல்லாம் திரும்பவில்லை என்றால்? முதியோர் இல்லத்தில் எனக்காக ஒரு அறையை இன்னும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

டாக்டரம்மா அமைதியானவர். என்னிடம் வாங்க போங்க என்று மரியாதையாகப் பேசினார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துக்கொண்டே போகச் சொன்னார். ஒரு கடிகாரம் வரைந்து முள் வைக்கச் சொன்னார். மூன்று வார்த்தைகள் சொல்லி, பிறகு கேட்டார். மூன்றையும் சொன்னேன். வேண்டுமானால் பின்னாலிருந்தும் சொல்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒரே ஒரு முழு வாக்கியம் எழுதுங்க, ரேலீன். எதைப் பத்தி வேணும்னாலும் எழுதலாம்."

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எழுதி அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

'வெள்ளிக்கிழமை ஆஸ்கரும் மில்லியும் என் வீட்டுக்கு வந்து தூங்கப் போகிறார்கள்.'

டாக்டரம்மா அதைப் படித்து, பக்கத்தில் சரி என்று ஒரு குறி போட்டார். அவருக்கு அது எழுவாயும் பயனிலையும் ஒழுங்காக அமைந்த ஒரு வாக்கியம், அவ்வளவுதான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெரி எட்டிப் பார்த்துப் படித்தாள். படித்துவிட்டு, டாக்டர் முன்னால் என்றுகூடப் பார்க்காமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன்.